மாரடைப்புக்குப் பிறகு மீண்டும் பள்ளிக்கு: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாரடைப்பு வந்து, அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட்டோடு வீடு திரும்பிய ஆசிரியர், மறுபரிசோதனைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி: "எப்போ ஸ்கூலுக்குப் போகலாம், டாக்டர்?" பெரும்பாலும் வரும் பதில்: "டீச்சர் வேலைதானே, ஒரு மாசத்துல போகலாம்." அந்தத் 'தானே'யில்தான் சிக்கல். மருத்துவர் மனதில் இருப்பது நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தும் ஒருவர். உண்மையில் அவர் எதிரே இருப்பவர் தினமும் மூன்று முறை இரண்டாவது மாடிக்கு ஏறுகிறவர், 45 பேர் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்புகிறவர், நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்.

பள்ளியிலோ கதை தலைகீழ். "நல்லாத்தானே இருக்கீங்க, சார்" என்று சொல்லி முதல் வாரமே முழு டைம்டேபிளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். உங்கள் வேலை என்னவென்று மருத்துவருக்கும், உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறதென்று தலைமையாசிரியருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கீழே உள்ளவை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம். உங்கள் மருத்துவர் சொன்னதும் இதில் உள்ளதும் முரண்பட்டால் மருத்துவர் சொன்னதையே கேளுங்கள்.

மருத்துவரிடம் ஒரு தாளோடு போங்கள்

அரைப் பக்கம் போதும். வகுப்புகள் எந்த மாடியில், ஒரு நாளைக்கு எத்தனை பாடவேளை, அவற்றில் எத்தனை அடுத்தடுத்து வருகின்றன, வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம், பஸ்ஸா டூவீலரா, தூக்கும் பொருள்களில் கனமானது எது என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் "ஒன்றுமில்லை" என்று எழுதுவார்கள். 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று கால் கிலோவுக்குக் குறையாது. 40 பேர் வகுப்பின் நோட்டுக் கட்டு 10 கிலோ. பைபாஸ் முடிந்த முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்கு அது தொடவே கூடாத எடை. அறுவையில் பிளந்த நெஞ்செலும்பு ஒட்டுவதற்கு மட்டும் 6 முதல் 8 வாரம் ஆகும், முழுப் பலம் வர இன்னும் சில வாரம்.

அந்தத் தாளைக் காட்டிவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

1. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் பம்ப் செய்யும் திறன் எத்தனை சதவீதம்? 55க்கு மேல் இருந்தால் நல்லது. 40க்குக் கீழே என்றால் திரும்பும் வேகமே வேறு.
2. வேறு குழாய்களில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா? இருந்தால் அதற்கு இரண்டாவது முறை சிகிச்சை எப்போது?
3. மாடி ஏறலாமா? ஏற விடுவதற்கு முன் டிரெட்மில் சோதனை தேவையா?
4. டூவீலர் எப்போது ஓட்டலாம்?
5. எந்தெந்த மாத்திரையின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே கூடாது?

பள்ளிக்குத் திரும்ப எத்தனை வாரம் ஆகும் என்பதற்குத் தோராயமான கணக்கு இது. மாரடைப்பு சிறியதாக இருந்து, உடனே ஸ்டென்ட் வைத்து, இதயத் தசை பெரிதாகப் பாதிக்காமல் தப்பியிருந்தால் 2 முதல் 4 வாரம். தாமதமாகப் போய்ச் சேர்ந்து தசை பாதித்திருந்தால் 6 முதல் 8 வாரம். பைபாஸ் என்றால் 8 முதல் 12 வாரம். இவற்றில் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாள் குறிப்பதுதான் முதல் தவறு. "பொதுத்தேர்வு வருது, போர்ஷன் முடியலை" என்ற காரணத்துக்காக இரண்டாவது வாரமே போகிறவர்களில் பலர் மறுபடியும் விடுப்பு எடுக்க நேரிடுகிறது. அப்போது மாணவர்களுக்கு இரண்டு முறை ஆசிரியர் இல்லாமல் போகிறார்.

வீட்டிலேயே ஒத்திகை

நடைப்பயிற்சியை எல்லா மருத்துவமனைகளும் சொல்லித்தான் அனுப்புகின்றன. காலை 5 நிமிடம், மாலை 5 நிமிடம் என்று சமதளத்தில் தொடங்கி, நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டி, 30 நிமிடம் வரை கொண்டுவர வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகமே சரியான வேகம். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டாம்.

ஆனால் நடைப்பயிற்சி வகுப்பறைக்குத் தயார் செய்யாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடும். வகுப்பில் நீங்கள் நடப்பதைவிட நிற்பதே அதிகம். நிற்கும்போது ரத்தம் காலிலேயே தங்கிவிடும். அதோடு மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை நாடித் துடிப்பைக் கட்டிப்போட்டிருக்கும், ரத்த அழுத்த மாத்திரை வேறு இருக்கும். 30 நிமிடம் சுளுவாக நடக்கிற ஒருவர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 15 நிமிடம் வெயிலில் அசையாமல் நின்று தலைசுற்றி உட்காருவது இதனால்தான்.

ஆகவே பள்ளிக்குப் போகும் முன் வாரத்தில் இப்படிச் செய்து பாருங்கள். வீட்டில் ஒரு சுவரில், கண் மட்டத்தில் ஒரு சார்ட் தாளை ஒட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 40 நிமிடம், வகுப்பில் பேசும் அதே குரலில் ஒரு பாடத்தை நடத்துங்கள், எழுதுங்கள். முதல் நாள் ஒரு தடவை. மூன்றாம் நாள் முதல் காலையில் ஒன்று, மதியம் ஒன்று. வீட்டில் பி.பி. பார்க்கும் கருவி இருந்தால் தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 25ஆவது நிமிடத்தில் கால் கனக்கிறதா, குரல் இறங்குகிறதா, கை தூக்கி எழுதும்போது நெஞ்சு இழுக்கிறதா என்பதெல்லாம் வீட்டுச் சுவர் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை.

மாடிப்படியும் அப்படித்தான். இரண்டு மாடி, நிற்காமல், கைப்பிடியை இழுக்காமல் ஏறி, மேலே போனதும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகே இதைச் செய்ய வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

ஒத்திகையின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ முதுகுக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, படபடப்பு, கண் இருட்டுதல் இவற்றில் எது வந்தாலும் நிறுத்துங்கள். 5 நிமிடத்தில் வலி போகவில்லை என்றாலோ கடுமையாக இருந்தாலோ 108. அடங்கிவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினால் அது சாப்பாட்டால் வந்ததல்ல, உடம்பில் நீர் தேங்குவதன் அடையாளம். அதற்கும் உடனே போக வேண்டும்.

தாள்கள்

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு (மெடிக்கல் லீவ்) தனிக் கணக்கு. நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குப் பணிக்காலத்தைப் பொறுத்து 90 நாளில் தொடங்கி 540 நாள் வரை உண்டு. ஈட்டிய விடுப்பு (இ.எல்.) ஆண்டுக்கு 17 நாள்தான் சேரும் என்பதால் அதை முதலில் கரைத்துவிடாமல், எதை எதற்கு எடுப்பது என்று அலுவலக உதவியாளரோடு உட்கார்ந்து பணிப்பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விடுப்பு நீண்டுகொண்டே போனால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பப்படலாம். அப்படி அனுப்பினால் பதற வேண்டாம், நடைமுறைதான்.

திரும்பச் சேரும் நாளில் மூன்று தாள் கையில் இருக்க வேண்டும்: உடற்தகுதிச் சான்று, பணியில் சேரும் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல். அடிக்கடி தடுமாறும் இடம் தேதி. தகுதிச் சான்றில் வெள்ளிக்கிழமை தேதி போட்டிருக்க, நீங்கள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால், நடுவில் உள்ள சனி ஞாயிறு என்ன கணக்கு என்ற கேள்வி எழும். அந்த ஒரு கேள்விக்காகவே கோப்பு திரும்பி வரும். எந்த நாளில் சேரப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற தேதியில் சான்று வாங்குங்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தகுதிச் சான்றில் "பணிக்குத் தகுதியானவர்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் முழு வேலைக்கும் தகுதி என்றுதான் பொருளாகும். அதோடு தனியாக ஒரு கடிதம் கேளுங்கள்: இத்தனை வாரத்துக்கு மாடி ஏறுவதைக் குறைக்க வேண்டும், இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தொடர்ந்து இவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. எண்களோடு இருக்கட்டும். "கனமான வேலை தவிர்க்கவும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலை கடினம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, போதுமான சந்தா கட்டப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். குறிப்பிட்ட சில கடும் நோய்களுக்கு 80 சதவீதமாக நீட்டிப்பும் உண்டு, அந்தப் பட்டியலில் இதயநோயின் சில வகைகள் இருக்கின்றன. ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று இருந்தால்தான் பணம் வரும். வேறு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தாலும் அந்தத் தாள்களோடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு நேரில் போய்விடுங்கள்.

டைம்டேபிள் பேச்சு

சேரும் நாளன்று தலைமையாசிரியர் மேசை முன் நின்று பேசினால் நடக்காது. ஒரு வாரம் முன்பே, மாலை நேரத்தில், மருத்துவரின் கடிதத்தோடு போய்ப் பாருங்கள். டைம்டேபிள் போடும் ஆசிரியரும் உடன் இருந்தால் நல்லது, வேலை அவர் கையில்தான் இருக்கிறது. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று கேட்டால், பார்த்துத்தான் போடுவார்கள், உங்களுக்கு வேண்டியதை அல்ல. திட்டவட்டமாகக் கேளுங்கள்.

முதல் கோரிக்கை, வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. நீங்கள் மேலே போவதைவிட 40 பிள்ளைகள் கீழே வருவது எளிது. தரைத்தளத்தில் இடமில்லை என்றால், மாடி வகுப்புகளை எல்லாம் மதியத்துக்கு முன் அடுத்தடுத்து ஒரே மாடியில் அமைத்து, ஏறுவது ஒரு தடவை, இறங்குவது ஒரு தடவை என்று ஆக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தொடர்ந்து இரண்டு பாடவேளைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது, மதிய உணவு முடிந்ததும் வரும் பாடவேளை காலியாக இருக்கட்டும். சாப்பிட்டவுடன் ரத்தம் வயிற்றுப் பக்கம் போகும் நேரத்தில் மாடி ஏறிக் கத்துவது இதயத்துக்குக் கூடுதல் சுமை. நான்காவது, முதல் ஒரு மாதம் வராத ஆசிரியரின் வகுப்புக்கு உங்களை அனுப்பக் கூடாது. பெரும்பாலும் கெடுவது இங்கேதான். தாளில் 4 பாடவேளை இருக்கும். "சும்மா உட்கார்ந்து பார்த்துக்குங்க சார்" என்று இரண்டு சேரும். ஆசிரியர் இல்லாத வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை.

பாடவேளைகளைக் கூட்டும் விதம் இப்படி இருக்கலாம்: முதல் வாரம் நாளுக்கு 3, இரண்டாவது வாரமும் 3, மூன்றாவது வாரம் 4, ஐந்தாவது வாரம் பழைய கணக்கு. மிச்ச நேரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை: எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, வினாத்தாள் தயாரிப்பு, நோட்டுத் திருத்தம். இரண்டாவது வாரத்தில் கூட்டாமல் அப்படியே வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முதல் வாரம் உற்சாகத்தில் ஓடிவிடும். களைப்பு இரண்டாவது வாரத்தில் வந்து உட்காரும். சனிக்கிழமை காலையில் படுக்கையிலிருந்து எழவே முடியாத அளவுக்கு அசதி வந்தால், முந்தைய ஐந்து நாளும் அதிகமாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முடிந்தால் வியாழக்கிழமை சேருங்கள். இரண்டு நாள் வேலை, பிறகு ஓய்வு. திங்கட்கிழமை சேர்ந்தால் ஐந்து நாளை ஒரேயடியாகத் தாண்ட வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு மேலே சொன்ன பாடவேளைக் கணக்கு உதவாது, நாள் முழுதும் ஒரே வகுப்பு. சிறு வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுவதே பெரிய வேலை. பைபாஸ் ஆனவர்கள் கையை ஊன்றி எழக் கூடாது, அந்த அழுத்தம் நேரே நெஞ்செலும்புக்குப் போகும். பிள்ளைகள் தரையில் இருக்கட்டும், நீங்கள் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். எழும்போது நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கால் பலத்தில் எழுந்திருங்கள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மாற்றுப் பணியில் ஒருவரைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகக் கேட்டது நிற்காது.

மாத்திரைகளும் பள்ளி மணியும்

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோப்பிடோக்ரெல் அல்லது டைகாக்ரெலார் கொடுத்திருப்பார்கள், மாரடைப்புக்குப் பிறகு வழக்கமாக ஓராண்டுக்கு. இந்த இரண்டை மட்டும் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். டைகாக்ரெலார் நாளுக்கு இரண்டு வேளை. காலை வேளையைப் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மறப்பவர்கள் உண்டு, பல் துலக்கும் இடத்தில் வைத்தால் மறக்காது. இந்த மாத்திரை சிலருக்கு லேசான மூச்சுத்திணறலைத் தரும். வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது அது வந்தால் இதயம்தான் கெட்டுவிட்டது என்று பயப்படுவார்கள். பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் பரிசோதித்துவிட்டு மாற்றித் தருவார்.

நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதன் நேரம் முக்கியம். காலை 8 மணிக்குப் போட்டால் முதல் இரண்டு பாடவேளையிலும் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க மாத்திரையையே விடுபவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகக் கழிப்பறை வசதி சரியில்லாத பள்ளிகளில் ஆசிரியைகள். விட்டால் கால் வீங்கும், இரவில் மூச்சு முட்டும். அதிகாலை 5 மணிக்கோ, பள்ளி முடிந்து மாலையிலோ போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் ஒரு நாளைக்கு உரிய அளவை இரண்டு பாட்டிலில் பிரித்து, ஒன்றைப் பள்ளிக்கு எடுத்துப் போங்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

ராமிப்ரில், எனாலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மற்றவர்களுக்கு அது சின்னத் தொந்தரவு, ஆசிரியருக்குத் தொழிலே போச்சு. சாக்பீஸ் தூசி என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் டானிக் குடிக்க வேண்டாம். டெல்மிசார்டன் போன்ற மாற்று மாத்திரைகள் உண்டு, அவற்றில் இந்த இருமல் அரிது.

இன்னொன்று. நாள் முழுதும் நின்றால் முழங்கால் வலிக்கும். ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் கைப்பையில் வலி மாத்திரை வைத்திருப்பார். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் இரண்டும் உங்களுக்கு வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம், இதயத்துக்கும் நல்லதல்ல. பாராசிட்டமால் போடலாம். சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளும் பி.பி.யை ஏற்றிவிடும். பிள்ளைகளிடமிருந்து சளி, காய்ச்சல் ஒட்டிக்கொள்வது நிச்சயம். ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள்.

குரல்

ஒரு மாதம், இரண்டு மாதம் ஓய்வில் இருந்த குரல் முதல் நாளே 45 பேருக்கு எட்டாது. எட்ட வைக்கத் தொண்டையை இறுக்கினால் மூன்றாம் நாள் கட்டிவிடும். அதோடு கத்தும்போது மூச்சைப் பிடிக்கிறோம், நாடியும் பி.பி.யும் ஏறும். இடுப்பில் மாட்டும் சிறிய மைக் செட் 1,500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கூச்சப்படாமல் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதல் நாள் மட்டும் அது வேடிக்கை. அறுவைச் சிகிச்சையின்போது தொண்டையில் குழாய் போட்டிருப்பார்கள் என்பதால் பைபாஸ் ஆனவர்களுக்குக் குரல் கரகரப்பாக இருப்பது வழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் நாள்

டூவீலர் ஓட்ட அனுமதி கிடைத்தாலும் இரண்டு செயல் வேண்டாம்: கிக்கரை உதைப்பது, சென்டர் ஸ்டாண்ட் போடுவது. நூறு கிலோ வண்டியை மூச்சைப் பிடித்துப் பின்னால் இழுப்பது எந்த நோட்டுக் கட்டையும்விடப் பெரிய பளு. சைடு ஸ்டாண்ட் போதும். பஸ் என்றால் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது பைபாஸ் ஆனவர்களுக்கு ஆகாது. ஒரு வண்டி முன்னதாகக் கிளம்புங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது எந்த மாதத்திலும் வேண்டாம்.

பையில் இருக்க வேண்டியவை: மாத்திரைச் சீட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், தண்ணீர், வீட்டுச் சாப்பாடு, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் அது. சார்பிட்ரேட்டை அட்டையிலிருந்து பிரித்துத் தனி டப்பாவில் போடாதீர்கள். சட்டைப் பையிலும் வண்டி சீட்டுக்கு அடியிலும் வைத்தால் சூட்டில் வீரியம் போய்விடும். கைப்பையின் வெளி அறை ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, எந்த அறை என்று பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குக் காட்டி வையுங்கள்.

காலை வழிபாட்டில் நிழலில் நில்லுங்கள், நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். முடிந்தால் நாற்காலி கேளுங்கள். வகுப்பில் உயரமான ஸ்டூல் ஒன்று கிடைத்தால், சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்தபடியே கடைசி பெஞ்சு வரை பார்க்கலாம், நாற்காலியைவிட அதுவே நல்லது. கரும்பலகையில் தோள் உயரத்துக்கு மேல் எழுதுவதை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். எழுத ஆசைப்படும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

உடம்பைவிட அதிகம் களைக்க வைப்பது விசாரிப்பு. "என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, எங்க பெரியப்பாவுக்கும் இதே மாதிரிதான்..." என்று ஒவ்வொருவரிடமும் அந்த இரவை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வாக்கியத்தில் ஒரு பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள்: "அடைப்பு இருந்தது, ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. இப்போ நல்லா இருக்கேன், ஒரு மாசம் மெதுவாப் போகச் சொல்லியிருக்காங்க." அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களுக்கும் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். மறைத்தால் அவர்களே ஒரு கதை கட்டிவிடுவார்கள்.

மாலை தேநீரோடு பஜ்ஜி, பொங்கல் நாள் வடை, பிறந்தநாள் கேக் என்று ஆசிரியர் அறை தானும் ஒரு சோதனைக்கூடம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்தாலே உப்பு கணிசமாகக் குறையும்.

வகுப்பிலேயே நெஞ்சு வலித்தால்

யார் என்ன செய்வது என்பதை முதல் வாரமே பேசி வையுங்கள். வலி வந்தால் உடனே உட்காருங்கள், நடந்து ஆசிரியர் அறைக்குப் போகாதீர்கள். வகுப்புத் தலைவன் பக்கத்து வகுப்புக்கு ஓட வேண்டும். வந்த ஆசிரியர் ஒருவர் உங்களோடு இருக்க, இன்னொருவர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக வேண்டும். சார்பிட்ரேட்டை உட்கார்ந்தபடியே நாக்குக்கு அடியில் வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் பி.பி. இறங்கி விழுந்துவிடலாம். 5 நிமிடத்தில் வலி முழுதும் போகவில்லை என்றால் 108. வலி கடுமையாக இருந்தால் 5 நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். "என் பைக்ல ஏறுங்க சார்" என்று யார் சொன்னாலும் ஏறக் கூடாது. அடைப்பை நீக்கும் கேத் லேப் 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை அருகில் எது என்று தாளில் எழுதி, ஆசிரியர் அறையில் ஒட்டி வையுங்கள். கிராமப்புறப் பள்ளி என்றால் ஆரம்ப சுகாதார நிலையமும் அந்தத் தாளில் இருக்கட்டும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் கட்ட மாத்திரைகள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

சக ஆசிரியர்களில் இருவராவது நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைக் கற்றிருந்தால் நல்லது: நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை.

மனசு

மாரடைப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஆசிரியர்களிடம் அது பெரும்பாலும் எரிச்சலாக வெளிப்படும்: சின்னச் சத்தத்துக்குக் கோபம், பிறகு குற்ற உணர்வு, பாடக் குறிப்பு எழுதவே வெறுப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் சரியில்லாமல் இருந்தால் இதய மருத்துவரிடமே சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

மற்ற பணிகள்

பாடம் நடத்துவது சமாளிக்கக்கூடியதுதான், ஆளைச் சாய்ப்பவை மற்ற பணிகள். தேர்வு அறைக் கண்காணிப்பு என்றால் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். ஏற்கத்தான் வேண்டும் என்றால் வினாத்தாள் பிரிக்கும் அறை, அலுவலகப் பணி போன்ற உட்காரும் வேலையைக் கேளுங்கள். விடைத்தாள் திருத்தும் முகாம் ஏப்ரல் வெயிலில் வரும். முதல் ஆண்டு அதற்கு விலக்குக் கேட்டுக் கடிதம் கொடுத்துவிடுங்கள். தேர்தல் பணியில் முந்தைய நாளே வாக்குச்சாவடிக்குப் போய், இரவு அங்கேயே தங்கி, மறுநாள் பெட்டிகளை ஒப்படைக்கும் வரை தூக்கமும் மாத்திரை நேரமும் குலைந்துபோகும். ஆணை கையில் கிடைத்ததும் மருத்துவச் சான்றோடு மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். கடைசி நாள் வரை காத்திருந்தால் பயிற்சி வகுப்புக்கு வராததற்கான விளக்கக் கடிதம்தான் எழுத வேண்டிவரும்.

சேர்ந்து 6 வாரத்தில் ஒரு மறுபரிசோதனைக்கு நேரம் வாங்கி வையுங்கள்: ஈ.சி.ஜி., பி.பி., சர்க்கரை, கொழுப்பு அளவு. கெட்ட கொழுப்பு (எல்.டி.எல்.) 70க்குக் கீழே இருக்க வேண்டும், பல இதய மருத்துவர்கள் 55க்குக் கீழே கேட்கிறார்கள். பள்ளி நாளில் வரும் அப்பாயின்மென்ட் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும் என்பதால், காலாண்டு, அரையாண்டு விடுமுறை நாள்களைப் பார்த்து இப்போதே தேதி குறியுங்கள். போகும்போது, முதலில் எடுத்துப் போன அதே அரைப் பக்கத் தாளை இப்போதைய டைம்டேபிளோடு மறுபடி எழுதி எடுத்துப் போங்கள்.